சூடம் அணைக்காதவன்

கூட வேலை பார்க்கிறவனை நீங்கள் எப்போதாவது பஸ் ஏறிப் பின்தொடர்ந்து போயிருக்கிறீர்களா? போயிருந்தால் தெரியும். முன்னால் போகிறவன் சும்மா தலையைச் சொறிந்தால்கூட யாருக்கோ ஜாடை காட்டுகிற மாதிரி இருக்கும். கடை வாசலில் நின்றால் ஆளுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கப்பலூர் விலக்கில் முன்வாசல் வழியாக சத்தியசீலன் பஸ் ஏற, பின்வாசலில் ஏறிக் கூடைக்காரப் பெண்களுக்கு நடுவில் தலையைக் குனிந்து நின்றுகொண்ட மலையாண்டிக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு பேரும் தொழிற்பேட்டையில் சின்னச்சாமி முதலாளியின் ரப்பர் பட்டறையில் வேலை பார்த்தார்கள். சத்தியசீலன் மில்லில் ரப்பரை அரைத்து, கரித்தூளும் கந்தகமும் கலந்து தாளாக இழுத்துக் கொடுப்பான். மலையாண்டி அதை அச்சில் வைத்து ப்ரெஸ்ஸில் வேக வைப்பான். வெந்து வந்ததின் ஓரப் பிசிறை இருளாயி பிளேடால் சீவி எடுப்பாள். பாய்லரை மொக்கையன் பார்த்துக்கொண்டான். பால் கேன் வளையம், பம்புசெட் வாஷர், சைக்கிள் பிரேக் கட்டை என்று இவர்கள் செய்ததெல்லாம் அந்த மாதிரிச் சரக்குதான். சத்தியசீலனைத் தவிர ஒருவரும் கடலைப் பார்த்தது கிடையாது.

அப்படிப்பட்ட பட்டறைக்குக் கப்பல் வேலை வந்தது.

கொண்டுவந்தவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றில் சரக்குப் பரிசோதகராக இருந்தவர். பட்டறையில் எல்லோரும் அவரை நேவிக்காரர் என்றே சொன்னார்கள். மீசை இல்லை, சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. கரித்தூள் படிந்த ஸ்டூலில் யோசிக்காமல் உட்கார்ந்தார்.

"கரையோரமா ரோந்து போற கப்பல். ஒரே கப்பல்தான், ஆனா அதுக்கு ஒரே வேலை இல்ல," என்றார். "கடத்தல் போட்டைத் தொரத்தணும். புயல்ல மாட்டுன மீன்காரனத் தூக்கிட்டு வரணும். நடுக்கடல்ல எதுவும் தீப்பிடிச்சா தண்ணி பீச்சணும். நின்னுபோன படகக் கட்டி இழுக்கணும். சண்டைன்னு வந்துட்டா முன்னால இருக்க பீரங்கி பேசணும். பெரிய கப்பல் வர முடியாத மேட்டுத் தண்ணியிலயும் இதுதான் போகும்."

"அப்ப எங்க வீட்டு மருமக மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் இருளாயி. "அம்புட்டு வேலையும் ஒரே ஆளு தலையில."

"ஒம் மருமக பீரங்கியுமா வச்சிருக்கா?" என்று மொக்கையன் கேட்டான்.

"வாயத் தொறந்தா அதானடா."

நேவிக்காரரும் சிரித்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் துண்டை எடுத்தார். கப்பலுக்குள் ஒவ்வொரு அறைக்கும் இரும்புக் கதவு. ஓர் அறையில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினால், கதவை இறுக்கி அடைத்து மற்ற அறைகளைக் காப்பாற்ற வேண்டும். கதவு விளிம்பைச் சுற்றி இந்த ரப்பர்தான். இது விட்டுக்கொடுத்தால் கப்பலே போய்விடும். இதுவரைக்கும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. "இதே மாதிரி செஞ்சு வைங்க. அடுத்த திங்கக்கிழமை வாரேன். இந்தத் துண்டு மாதிரிக்குத்தான். திருப்பிக் கொடுத்துரணும். வெளிய யாரு கையிலயும் போகக் கூடாது. போச்சுன்னா ஆர்டர் போறதோட நிக்காது, போலீஸ் கேஸாயிரும்."

முதலாளி அந்தத் துண்டை மலையாண்டி கையில் கொடுத்தார். பீரோச் சாவியையும் அவனிடமே கொடுத்து, "இது பாஸாச்சுன்னா நீதாண்டா ஃபோர்மேன்," என்றார். மலையாண்டி சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து மஃப்டியில் ஓர் ஏட்டு வந்தார். கப்பல் வேலை பார்க்கிறவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று விசாரிக்க வேண்டுமாம். அக்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்துகொண்டிருந்தார்கள். ஏட்டு ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டார். செக்கானூரணிக்கு மேற்கே இருக்கிற தன் ஊர்ப் பெயரை மலையாண்டி சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ, அந்தப் பக்கமா," என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மலையாண்டிக்கு அது போதும். ஊரையே குற்றவாளியாக்கிக் கைரேகை வாங்கிய வெள்ளைக்காரன் காலத்து ரேகைச் சட்டத்தில் அவன் ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் ஒரு குற்றமும் செய்யாமலே போலீஸ் கண்ணுக்கு முன்னால் படுத்து எழுந்தவர்கள். அவன் அய்யா கல்யாணமான புதிதிலும் ராத்திரி போலீஸ் காவலில் ஊர்ச் சாவடியில்தான் படுத்தார். சட்டம் போய் எத்தனையோ வருஷம் ஆகியும், சாகும்வரை அவர் மகனிடம் சொன்னது ஒன்றுதான்: எது வந்தாலும் ஸ்டேஷன் படி மட்டும் மிதிக்காதே. மலையாண்டி மிதித்ததில்லை. சைக்கிள் தொலைந்தபோதுகூட மிதிக்கவில்லை.

போகும்போது ஏட்டு, எதிர் டீக்கடையில்தான் இருப்பேன் என்றும், மனசுக்கு ஏதாவது பட்டால் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பட்டறையில் எல்லோருக்கும் ஏதாவது பட்டுக்கொண்டே இருந்தது. மில்லுக்குப் பின்னால் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினால் மூன்றாவது ஆள் இருமிக்கொண்டே வந்தான்.

முக்கியமாக சத்தியசீலன் விஷயம். அவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செல்லூரில் தறிக்காரர் வீடு ஒன்றில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். பேச்சும் வேறு மாதிரி இருந்தது. "சொல்லுதேன்", "வாரிய" என்று இழுப்பான்.

"அண்ணே, இவன் பேச்சக் கவனிச்சீகளா? அக்கரைக்காரன் பேச்சு மாதிரியில்ல இருக்கு," என்றான் மொக்கையன்.

"அக்கரைக்காரன் எப்படிப் பேசுவான்னு ஒனக்குத் தெரியுமாடா?" என்று மலையாண்டி கேட்டான்.

"தெரியாது. ஆனா நம்மள மாதிரி பேசலைல."

அது மட்டுமில்லை. ரப்பர் ஒட்டாமலிருக்க டால்க் பவுடர் கொட்டிய மேசையில் விரலால் கப்பல் வரைந்து, இங்கே பீரங்கி, இங்கே சின்னப் படகு இறக்குவார்கள், இங்கே எஞ்சின் அறை என்று அவன்தான் எல்லோருக்கும் காட்டினான். மாதிரித் துண்டை ஒருமுறை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம சரக்குல கந்தக வாசம் வரும்ணே. இதுல வரல பாருங்க," என்றதும் அவன்தான். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மலையாண்டி பீரோவைத் திறந்து மாதிரித் துண்டை எடுத்தான். கட்டைவிரலால் அழுத்தினான். குழி மெதுவாக மேலே வந்தது. வெளிநாட்டுச் சரக்கில் விரலை எடுத்த உடனே குழி மறைந்துவிடும். முகர்ந்து பார்த்தான். கந்தகம்.

அவன் கையில் இருந்தது அவனே ப்ரெஸ்ஸில் வேக வைத்த துண்டு.

பொடி கொட்டிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எவனோ மாற்றி வைத்திருக்கிறான். தொலைந்திருந்தால் தேடலாம். இது மாற்றி வைத்தது. இரண்டு ரப்பருக்கும் வித்தியாசம் தெரிந்தவன் செய்த வேலை. பட்டறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் மலையாண்டி.

முதலாளியிடம் போய்ச் சொன்னபோது ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னான். வியாழக்கிழமை சாயங்காலம் புதிதாகச் செய்த துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க மாதிரியை மேசைக்குக் கொண்டுவந்திருந்தான். எல்லாத் துண்டும் ஒன்றாகக் கிடக்க, அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். வந்து, அவசரத்தில் அழுத்திப் பார்க்காமல், இருந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினான். இதைச் சொன்னால் ஃபோர்மேன் வேலை இல்லை, இருக்கிற வேலையும் இல்லை. அதற்கு மேல் ஊர்ப்பெயர் வேறு இருக்கிறது. அதனால், "பீரோவுலதான் முதலாளி இருந்துச்சு. கள்ளச்சாவி போட்ருக்கான்," என்றான்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "போலீசுக்குச் சொன்னா திங்கக்கிழம நேவிக்காரர் வாசலோட திரும்பிருவாரு. என்னடா பண்றது?"

"நம்ம வழக்கத்துக்குப் பாப்போம். சூடம் அணைக்கச் சொல்லுங்க. எடுத்தவன் அணைக்க மாட்டான்."

பட்டறை காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் அடியில் காவல் கருப்பு. தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அந்தப் புஞ்சைக்குக் காவலாக நின்ற சாமி. சுவர் கட்டியபோது சாமியை வெளியே விட்டு வளைத்துக் கட்டினார்கள். தட்டில் சூடத்தை ஏற்றி, பீரோவில் இருந்த கப்பல் துண்டை எடுக்கவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அறைந்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் கை விளங்காது. முதலாளி முதலில் அணைத்தார். மலையாண்டி அணைத்தான். மொக்கையன் அணைத்துவிட்டுக் கையை ஊதிக்கொண்டான். இருளாயி, "கருப்பா, அந்தப் பீரோப் பக்கமே நான் போனதில்லப்பா," என்று ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

சத்தியசீலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் எடுக்கலண்ணே. எடுக்கலன்னு சொல்லுதேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். எங்க சபையில அது கூடாது. எங்கம்மா எங்கள அப்படித்தான் வளத்தா."

"ஒங்க சாமி முன்னாடி வேணா பண்ணு," என்றார் முதலாளி.

"எந்தச் சாமி முன்னாடியும் பண்றதில்ல, முதலாளி."

"பேருலயே சத்தியத்த வச்சுக்கிட்டு என்னடா இது?" என்றான் மொக்கையன். யாரும் சிரிக்கவில்லை. தட்டில் சூடம் தானாக எரிந்து முடிந்தது. மலையாண்டி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை விசாரணை முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது கையும் களவுமாகப் பிடிப்பது. அதற்குத்தான் சனிக்கிழமை பஸ்.

காளவாசலில் சத்தியசீலன் இறங்கினான். மலையாண்டி பழக்கடைச் சாக்குக்குப் பின்னால் ஒதுங்கினான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தெற்கேயிருந்து உப்பு ஏற்றிய லாரி ஒன்று வந்து ஓரங்கட்டியது. கிளீனர் பையன் இறங்கி வந்தான். சத்தியசீலன் துணிப்பையிலிருந்து சுருட்டி வைத்த ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தான். பையன் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். இரண்டு பேரும் சிரித்துப் பேசினார்கள். லாரி போய்விட்டது.

மலையாண்டி தன் கையை விரித்து மனதுக்குள் அளந்தான். சுருட்டியிருந்தது ஒரு சாண் நீளம் இருக்கும். சரக்கு போய்விட்டது. கைம்மாறு வந்துவிட்டது.

செல்லூர் வரைக்கும் விடாமல் போனான். தறிச்சத்தம் காதை அடைக்கும் சந்து அது. எதிரே சைக்கிள் வந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சத்தியசீலன் போன தடத்தில் கருவாட்டு வாசம் அடித்தது. பொட்டலத்தில் இருப்பது கருவாடு என்று மூக்கு சொன்னது. மலையாண்டி மூக்கை நம்பவில்லை. யாரும் பிரித்துப் பார்க்காமல் இருக்க எப்பேர்ப்பட்ட வழி கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்தான்.

கப்பலூருக்குத் திரும்பி வந்து நேராக டீக்கடைக்குப் போனான். ஸ்டேஷன் படி மிதிக்கவில்லை, டீக்கடைதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ஏட்டிடம் எல்லாவற்றையும் சொன்னான். பீரோ, கள்ளச்சாவி, சூடம், லாரி, பொட்டலம். ஏட்டு குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்த சத்தியசீலனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் நேவிக்காரர் வருகிறார் என்பதால் பட்டறையில் அன்றும் வேலை நடந்தது. மொக்கையன்தான் செய்தி கொண்டுவந்தான். "செல்லூரே கூடிருச்சாம்ணே. அவன் ரூமைக் கொட்டிக் கவுத்துட்டாகளாம்."

இருளாயி பிளேடைக் கீழே வைத்தாள். மொக்கையன் பாய்லருக்குப் போகும்வரை காத்திருந்து மலையாண்டியிடம் வந்தாள்.

"ஏண்ணே, எனக்கு ஒண்ணு வெளங்கல. சாவி ஒங்க இடுப்புலதான கெடக்கு. குளிக்கக்கூட அவுக்க மாட்டீகன்னு ஒங்க பொண்டாட்டி சொல்றா. கள்ளச்சாவி செய்ய அவன் அத எப்பப் பாத்தான்?"

"எப்படியோ பாத்தான்."

"எப்படிண்ணே?"

அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆளைத்தான் பிடித்தாகிவிட்டதே, இனி எதற்கு என்று வாயை விட்டான். "பீரோவுல இல்ல தாயி. வியாழக்கெழம சாயந்தரம் மேசை மேலதான் கெடந்துச்சு. டீ குடிக்கப் போன நேரத்துல அடிச்சிட்டான். போதுமா?"

இருளாயி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"வியாழக்கெழமயா? மேசை மேலயா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அடப்பாவி மனுசா, இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினாள்.

வேப்பங்கிளையில் மஞ்சள் துணியில் முடிந்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நேர்த்திக்கு யாராவது எதையாவது கட்டித் தொங்கவிடுவது வழக்கம்தான் என்பதால் யாரும் அதைக் கவனித்ததில்லை. அவள் எக்கி அவிழ்த்துப் பிரித்தாள். உள்ளே ஒரு சாண் ரப்பர். மலையாண்டி கட்டைவிரலால் அழுத்தினான். எடுத்த உடனே குழி மறைந்தது.

"கப்பல் வேல கெடைக்கணும்னு முடிஞ்சு போட்டேண்ணே," என்றாள் இருளாயி. அழ ஆரம்பித்திருந்தாள். "நாம செஞ்ச துண்டுன்னு நெனச்சுத்தான் எடுத்தேன். சாமிக்குன்னு வக்கிறப்ப இருக்கதுல நல்லதத்தான வக்கணும்? எது நல்லா வழுவழுன்னு இருந்துச்சோ அத எடுத்தேன். நீங்க பீரோ பீரோன்னு சொன்னீக. நான் பீரோப் பக்கமே போகலையே!"

மலையாண்டி துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போதும் ஒரு வழி இருந்தது. துண்டை பீரோவில் வைத்துவிட்டால் நாளை நேவிக்காரரிடம் கொடுத்துவிடலாம். ஆர்டர் வரும். ஃபோர்மேன் ஆகலாம். போலீஸ் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையென்று சத்தியசீலனை எப்படியும் விட்டுவிடுவார்கள். விடுவார்களா? அய்யா எந்தக் குற்றத்துக்காகச் சாவடியில் படுத்தார்?

"நானும் வாரேன்," என்றாள் இருளாயி.

"ஸ்டேஷனுக்கு வந்து என்ன பண்ணப் போற? டீக்கடையில ஒக்காரு. உள்ள வராத. ஒம் பேரே அங்க வரக் கூடாது."

ஸ்டேஷனுக்கு நான்கு படி. ஏறும்போது செருப்பை வாசலில் கழற்றிப் போட்டான். எதற்கென்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மேசையில் கருவாட்டுப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. நெத்திலி. லாரிக் கிளீனரை வழியில் நிறுத்தி விசாரித்ததில், சத்தியசீலன் கொடுத்தது அவன் அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை என்று தெரிந்துவிட்டதாம். அதைக் கேட்ட பிறகும், கருவாட்டுக்கு அடியில் விரித்திருந்த பேப்பரை யாரும் தூக்கிப் பார்க்கவில்லையே என்று மலையாண்டிக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

துண்டை மேசையில் வைத்தான். "கெடைச்சிருச்சு சார். அவன் எடுக்கல."

"எங்க இருந்துச்சு?"

"சாமிகிட்ட சார். வேப்பமரத்துல கட்டியிருந்துச்சு."

"ரோட்டுல போறவன் வாரவன் கையெட்டுற எடத்துலயா?" இன்ஸ்பெக்டர் துண்டைப் பென்சிலால் தள்ளிப் பார்த்தார். மஞ்சள் ஒட்டியிருந்தது. "பீரோவுல இருந்தது மரத்துக்கு எப்படிய்யா போச்சு?"

"பீரோவுல இல்ல சார். நான் பொய் சொன்னேன். மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டேன்."

"கட்டுனது யாரு?"

மலையாண்டி கையைக் கட்டிக்கொண்டான்.

"கேக்குறேன்ல. யாரு?"

"வேல பாக்குறவங்க நேர்த்திக்குக் கட்டுனது சார். கெட்ட எண்ணம் இல்ல."

"பேரு?"

சுவரில் பல்லி கத்தியது. மலையாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு குனிந்து அவர் காதில் மலையாண்டியின் ஊர்ப்பெயரைச் சொன்னார்.

"சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பையனை அனுப்பு. இவன் இருக்கட்டும். ஒக்காருய்யா அங்க."

உள்ளேயிருந்து சத்தியசீலன் வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பொட்டலத்தை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மலையாண்டியைப் பார்த்து நின்றான்.

"அண்ணே, நீங்க ஏன் இங்க இருக்கிய?"

"ஒன்னப் பத்திச் சொன்னதே இவன்தான்யா," என்றார் ஏட்டு.

சத்தியசீலன் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அப்புறம், "நேத்து பஸ்லயே ஒங்களப் பாத்தேண்ணே," என்றான். "செல்லூர்ல ஏதோ சோலி போலன்னு நெனச்சேன். சந்து முக்குல கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்னு நின்னேன். அதுக்குள்ள நீங்க மறைஞ்சிட்டிய."

படியிறங்கிப் போனான். வாசலில் கிடந்த மலையாண்டியின் செருப்பு காலில் தட்டியது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நேவிக்காரர் வந்தார். மாதிரித் துண்டை முதலாளி ஸ்டேஷனிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கி வந்திருந்தார். நேவிக்காரர் பட்டறையில் செய்த துண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இன்னும் சீக்கிரம் குழி மறையும்படி திருத்தி, கப்பலுக்குச் செய்யச் சொன்னார். மில்லில் சத்தியசீலன் நின்றான். ப்ரெஸ்ஸில் மொக்கையன் நின்றான். மலையாண்டி வந்தால் கேட்டுக்குள் விட வேண்டாம் என்று முதலாளி வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தார்.